இரண்டாம் மாதச் சளியில் இன்னும் 1+. மருந்து கேட்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

வேனில் எழுதியது:

வணக்கம். என் தம்பிக்கு 26 வயது. நுரையீரல் காசநோய்க்கு மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம் முடிந்துவிட்டது. ஆரம்பத்தில் சளி 3+. எக்ஸ்ரேயில் வலது மேல்பக்கம் ஒரு குழி. ஜீன்எக்ஸ்பர்ட் சளிச் சோதனையில், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை என்று வந்ததால் வழக்கமான நான்கு மருந்துகளைக் கொடுத்தார்கள். ஒரு வேளைகூட விட்டதில்லை. நான் எதிரில் நின்றுதான் விழுங்கவைக்கிறேன்.

ஆள் நன்றாகத்தான் இருக்கிறான். காய்ச்சல் இல்லை, ராத்திரி வியர்வை இல்லை. எடை 47 கிலோவிலிருந்து 51 ஆகியிருக்கிறது. சி.ஆர்.பி 68 இருந்தது, இப்போது 9. ஆனால் இரண்டாம் மாதச் சளி ஸ்மியர் 1+ என்று வந்திருக்கிறது. பயந்துபோய் வெளியில் ஒரு லேபில் மறுபடி ஜீன்எக்ஸ்பர்ட் எடுத்தேன். "கிருமி உள்ளது, அளவு குறைவு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை" என்று வந்தது. டாக்டர் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்க, அனுப்பியிருக்கிறார். முடிவு வர ஆறு வாரம் வரை ஆகலாமாம்.

ஒரு தாள் சரியாகிவிட்டது என்கிறது, இன்னொரு தாள் இல்லை என்கிறது. எந்த எண்ணை நம்புவது? ரத்தத்தில் பார்த்தே மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லும் பயோமார்க்கர் டெஸ்ட் இருப்பதாகப் படித்தேன். அதை எடுக்க முடிந்தால் இந்த ஆறு வாரத் தவிப்பு மிச்சமாகுமே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரைமரம் எழுதியது:

எனக்கும் இரண்டாம் மாதம் இப்படித்தான் பாசிட்டிவ் வந்தது. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. செத்த கிருமி வெளியே வருகிறது என்று டாக்டர் சொன்னார். மருந்தை முழுசாக முடித்தேன், அப்புறம் தொந்தரவு எதுவும் இல்லை. எல்லோருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த 1+ஐப் பார்த்ததும் எல்லாம் கெட்டுப்போய்விட்டதாக நினைக்காதீர்கள்.

---

மெத்திலீன்நீலம் எழுதியது:

வேனில், காசநோய் லேபில் சளி பார்ப்பதும் கல்ச்சர் போடுவதும்தான் என் வேலை. உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதனால்தான் ஒன்றுக்கொன்று முரண்படுகிற மாதிரித் தெரிகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஸ்மியர். சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டுவோம். பிறகு அமிலம் ஊற்றிக் கழுவுவோம். மற்றவற்றிலிருந்து சாயம் போய்விடும். காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகு மாதிரிக் கொழுப்பால் ஆனதால் அதில் மட்டும் நிற்கும். கடைசியில் நீலம் ஊற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலப் பரப்பில் சிவப்புக் குச்சிகள் தெரியும். கிருமி செத்த பிறகும் அந்தச் சுவர் உடனே கரைந்துவிடாது. செத்ததும் சிவப்பாகத் தெரியும், உயிரோடு இருப்பதும் சிவப்பாகத் தெரியும். எவ்வளவு பழகிய கண்ணாக இருந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த எண்களையும் பாருங்கள். 3+ என்றால் ஒரு புலத்துக்கு, அதாவது லென்ஸில் ஒரு தடவையில் தெரியும் வட்டத்துக்கு, 10 கிருமிக்கு மேல். 1+ என்றால் 100 புலங்களைத் தேடி மொத்தமாக 10 முதல் 99 வரை. ஆகவே உங்கள் தம்பியின் சளியில் குறைந்தது பத்து மடங்கு இறங்கியிருக்கிறது. இன்னொரு பக்கம், ஸ்மியர் நெகட்டிவ் வந்தாலும் கிருமியே இல்லை என்று பொருள் இல்லை. ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் எங்கள் கண்ணில் படும்.

ஜீன்எக்ஸ்பர்ட்டை மருந்து கேட்கிறதா என்று பார்க்க எடுக்க வேண்டாம். அது கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடுகிற சோதனை. கிருமி செத்து நெடுநாள் ஆன பிறகும் டி.என்.ஏ. சளியில் வந்துகொண்டிருக்கும். ஆள் காலி செய்துபோன வீட்டில் பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிற மாதிரி. சிகிச்சை முடிந்து குணமானவர்களிலும் சிலருக்கு அது பாசிட்டிவ் காட்டும். நோயைக் கண்டுபிடிக்க அருமையான கருவி, நடுவழியில் அளந்து பார்க்க ஏற்றதில்லை. நீங்கள் எடுத்ததில் பயனுள்ள வரி ஒன்று இருக்கிறது: ரிஃபாம்பிசின் எதிர்ப்பு புதிதாக வரவில்லை. அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சி.ஆர்.பி என்ற ரத்தப் பரிசோதனை உடம்பின் வீக்கத்தை, அதாவது அழற்சியை, அளக்கிறது. 68லிருந்து 9க்கு வந்தது நல்ல செய்திதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அது கிருமியை எண்ணுவதில்லை. கிருமியின் பெரும்பகுதி செத்ததும் வீக்கம் தணிந்துவிடும். நாளைக்கே சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தால்கூட அது மறுபடி ஏறும்.

இப்போது உயிரோடு இருக்கிறதா என்று நேராகக் கேட்பது கல்ச்சர் மட்டும்தான். சளியில் உள்ள மற்ற கிருமிகளைக் காரம் சேர்த்துக் கொன்றுவிட்டு, மிச்சத்தைத் திரவ ஊடகம் உள்ள குழாயில் போட்டு இயந்திரத்தில் வைப்போம். உள்ளே எதுவாவது வளர்ந்தால் ஆக்ஸிஜனைத் தின்னும். ஆக்ஸிஜன் குறையக் குறைய குழாயின் அடியில் உள்ள பொருள் ஒளிரும், இயந்திரம் அதைப் பிடித்துக்கொள்ளும். காசநோய்க் கிருமி ஒரு முறை இரண்டாகப் பெருக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். அதனால் 42 நாள் வரை காத்திருந்த பிறகுதான் நெகட்டிவ் என்று எழுதுவோம். உங்கள் டாக்டர் சொன்ன ஆறு வாரம் அதுதான். அவரும் தள்ளிப்போடவில்லை, லேபும் தள்ளிப்போடவில்லை.

---

வேனில் எழுதியது:

அக்கா, இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி. அப்படியானால் கல்ச்சர் நெகட்டிவ் வந்துவிட்டால் தம்பிக்குச் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாமா? ஆறு மாதத்துக்குப் பதில் நான்கு மாதத்தில் நிறுத்தலாம் என்றும் ஓரிடத்தில் படித்தேன். ரத்த டெஸ்ட் பற்றியும் சொல்லுங்கள்.

---

மெத்திலீன்நீலம் எழுதியது:

நிம்மதியாக இருக்கலாம், ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், இந்த நோயின் கஷ்டமே இங்கேதான் இருக்கிறது.

மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு நாளிலேயே வேகமாகப் பெருகுகிற கிருமிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்துவிடும். அது பெரும்பாலும் அந்த நான்கு மருந்துகளில் ஒன்றான ஐசோநியாசிடின் வேலை. அதன் பிறகு சாவு மெதுவாகிவிடும். மிச்சம் இருப்பவை சோம்பிக் கிடக்கும் கிருமிகள். பெருகாது, சுவர் கட்டாது, அதனால் மருந்தும் லேசில் தொடாது. அவற்றைக் கொல்லத்தான் ரிஃபாம்பிசினும் பைரசினமைடும், அத்தனை மாதங்களும். மருந்தை முடித்த பிறகு நோய் திரும்ப வந்தால் பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான் வரும். நாம் சளியில் எண்ணுவதோ முதலில் சாகிற பெரிய கூட்டத்தை.

இதற்குப் பலமான சான்று 2014ல் வந்தது. ரீமாக்ஸ் டி.பி என்ற பெரிய சோதனையில் ஏறக்குறைய 2,000 நோயாளிகள். மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற வேறொரு மருந்தைச் சேர்த்த இரண்டு வகை நான்கு மாதச் சிகிச்சைகளை வழக்கமான ஆறு மாதத்தோடு ஒப்பிட்டார்கள். மாக்ஸிஃப்ளாக்ஸசின் வாங்கியவர்களுக்குச் சளிக் கல்ச்சர் சீக்கிரமாகவே நெகட்டிவ் ஆனது. எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் முடிவில் திட்டப்படி சிகிச்சை முடித்தவர்களில் ஆறு மாதச் சிகிச்சையில் 92 சதவீதம் பேருக்கு நல்ல பலன். நான்கு மாதத்தில் ஒன்றில் 85, இன்னொன்றில் 80. சளி சீக்கிரம் சுத்தமானது, நோயோ அதிகம் பேருக்குத் திரும்பியது. அந்த ஒரு முடிவு, இரண்டாம் மாதக் கல்ச்சரை மட்டும் நம்பி மருந்தின் கால அளவைத் தீர்மானிக்கலாம் என்ற நம்பிக்கையைப் பலமாக ஆட்டிவிட்டது.

நான்கு மாதச் சிகிச்சை இருப்பது உண்மை. 2021ல் ரிஃபாபென்டைனும் மாக்ஸிஃப்ளாக்ஸசினும் சேர்ந்த நான்கு மாதச் சிகிச்சை ஆறு மாதத்துக்குக் குறைந்ததில்லை என்று நிரூபணம் ஆனது. ஆனால் அது முதல் நாளிலிருந்தே வேறு மருந்துக் கூட்டு. இப்போது தம்பி சாப்பிடுகிற மருந்தை நான்காம் மாதத்தில் நிறுத்துவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த எண்ணமே வேண்டாம்.

ரத்த டெஸ்டுக்கு வருகிறேன். நீங்கள் படித்தது பெரும்பாலும் மரபணு வெளிப்பாட்டுச் சோதனையாக இருக்கும். நோய் தீவிரமாக இருக்கும்போது ரத்த வெள்ளணுக்களில் சில மரபணுக்கள் சுறுசுறுப்பாகவும் சில மந்தமாகவும் இருக்கும். ஜி.பி.பி.5, டி.யு.எஸ்.பி.3, கே.எல்.எஃப்.2 என்ற மூன்றை மட்டும் விரல் ரத்தத்தில் பார்க்கும் சோதனைகூட உருவாக்கியிருக்கிறார்கள். சிகிச்சை நடக்க நடக்க அந்த மதிப்பு இயல்பை நோக்கித் திரும்புகிறது. சளி வராதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பெரிய வரமாக அமையலாம், நான் மிகவும் எதிர்பார்க்கிறேன். ஆனால் இதுவும் உடம்பின் பதிலைத்தான் பார்க்கிறது. வைரஸ் காய்ச்சல் வந்தாலும் இதே மாதிரி மரபணுக்கள் துள்ளும். ஒரு நோயாளிக்கு இந்த எண் இவ்வளவு இறங்கிவிட்டது, இனி நோய் திரும்பாது என்று உறுதி சொல்லும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

இன்டர்ஃபெரான் காமா ரத்தப் பரிசோதனையை யாராவது எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்ததற்கான நினைவு அது. குணமான பிறகும் பலருக்குப் பாசிட்டிவாகவே இருக்கும்.

---

கரைமரம் எழுதியது:

அழற்சி உள்ள இடங்களை ஒளிர்த்துக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தால் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று நேராகவே தெரிந்துவிடாதா?

---

மெத்திலீன்நீலம் எழுதியது:

தெரியும். ஆனால் தெரிவதை என்னவென்று படிப்பது என்பதுதான் சிக்கல். 2016ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சை முடிந்து, கல்ச்சர் நெகட்டிவ் ஆகி, குணமானவர்களாகவே கருதப்பட்டவர்களில் பலருக்கு ஸ்கேனில் புண்கள் இன்னும் ஒளிர்ந்தன. சிலருக்குப் புதிய இடங்களிலும் தெரிந்தன. அவர்கள் சிலரின் சுவாசக்குழாய் மாதிரிகளில் கிருமியின் ஆர்.என்.ஏ.வும் கிடைத்தது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பவில்லை. அப்படியானால் நாம் குணம் என்று சொல்வது கடைசிக் கிருமிவரை துடைத்தெடுப்பதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, மிச்சத்தை உடம்பு அடக்கி வைத்துக்கொள்வதும் பல நேரங்களில் அதற்குள் அடங்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பயோமார்க்கர் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதை இந்த உடம்பு தாங்குமா. ஒரே எண்ணில் இது அடங்காததில் வியப்பே இல்லை.

என் மனசுக்கு மிகவும் பிடித்த புதிய வழி கிருமியின் ஆர்.என்.ஏ.வை அளப்பது. டி.என்.ஏ. போல அது நீண்ட நாள் நிற்காது, கிருமி செத்ததும் சிதைய ஆரம்பித்துவிடும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் 16 எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை எண்ணி, சளியில் உயிருள்ள கிருமி எவ்வளவு என்று சில மணி நேரத்தில் சொல்லும் சோதனையை உருவாக்கினார்கள். கல்ச்சருக்கு வாரக்கணக்கு, இதற்கு மணிக்கணக்கு. மற்ற கிருமி கலந்து கெட்டுப்போகும் தொல்லையும் இல்லை.

அதைவிட ஒரு படி மேலே போனது ஆர்.எஸ். விகிதம் என்கிறார்கள். 2021ல் இதைப் பற்றிய முக்கியக் கட்டுரை வந்தது. கிருமி புதிதாக ரைபோசோம், அதாவது புரதம் செய்யும் நுண்கருவி, செய்யும்போது முதலில் ஒரு முன்வடிவ ஆர்.என்.ஏ. உண்டாகி, பிறகு வெட்டப்பட்டு முழுவடிவம் ஆகும். முன்வடிவம் எவ்வளவு, முழுவடிவம் எவ்வளவு என்ற விகிதத்தை எடுத்தால், மிச்சம் இருக்கும் கிருமிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றனவா முடங்கிவிட்டனவா என்று தெரிகிறது. எலிகளில் பார்த்தபோது, நோயை வேரோடு அழிக்கும் மருந்துக் கூட்டுகள் இந்த விகிதத்தை அதிகம் இறக்கின. கிருமியின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கண்ணில் படாத வித்தியாசம் இதில் தெரிந்தது. நேற்று வரை எத்தனை என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். மிச்சம் இருப்பது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்க ஆரம்பித்திருக்கிறோம். ஆனால் இது இன்றைக்கு ஆராய்ச்சிக்கூடத்துச் சமாச்சாரம். தம்பிக்காக எங்கே எடுக்கலாம் என்று தேடி அலைய வேண்டாம்.

---

முதுகலை_மூச்சு எழுதியது:

நெஞ்சக மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். மேலே சொன்னதெல்லாம் சரி, நோயாளியின் பக்கத்திலிருந்து சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

ஆரம்பத்தில் எடுத்த ஜீன்எக்ஸ்பர்ட் ரிஃபாம்பிசினை மட்டும் பார்க்கிறது. ஐசோநியாசிடுக்கு மட்டும் எதிர்ப்பு இருந்தால் அதில் தெரியாது. இரண்டாம் மாதம் பாசிட்டிவ் வந்தவருக்கு இதை அவசியம் கேட்க வேண்டும். ஐசோநியாசிட் எதிர்ப்பைக் காட்டும் மூலக்கூறுப் பரிசோதனை இருக்கிறது. எடுத்தாயிற்றா என்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து, எடை கூடியிருக்கிறது. மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. 47 கிலோவுக்குக் கணக்கிட்ட அளவே 51க்கும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை அளவு பார்த்தாயிற்றா? நீரிழிவு இருந்தால் சளி சுத்தமாக நாளாகும். ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் மருந்து ரத்தத்தில் சரியாக ஏறுகிறதா என்ற கேள்வியும் வரும்.

குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2002ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரம்ப எக்ஸ்ரேயில் குழியும் இரண்டாம் மாதக் கல்ச்சர் பாசிட்டிவும் சேர்ந்து இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது. இரண்டும் இல்லாதவர்களில் 2 சதவீதம் அளவுதான். அதனால் இரண்டும் சேர்ந்து இருந்தால் அமெரிக்க வழிகாட்டுதல் முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகான பின்பகுதிச் சிகிச்சையை நான்கு மாதத்திலிருந்து ஏழு மாதமாக நீட்டிக்கச் சொல்கிறது. எல்லா நாட்டுத் திட்டங்களும் அப்படி நீட்டிப்பதில்லை. உங்கள் தம்பிக்குக் குழி இருக்கிறது. ஆகவே கல்ச்சர் முடிவுதான் இங்கே உண்மையிலேயே ஏதாவது மாற்றக்கூடிய தாள். ஸ்மியர் 1+ஐ வைத்து மட்டும் யாரும் மருந்தை மாற்றிவிடக் கூடாது.

---

வேனில் எழுதியது:

சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. ஹெச்.ஐ.வி. நெகட்டிவ். ஐசோநியாசிட் பற்றி எந்தத் தாளிலும் எழுதவில்லை. நாளைக்கே கேட்கிறேன். மாத்திரை எண்ணிக்கையும் ஆரம்பத்தில் இருந்த அதே எண்ணிக்கைதான், அதையும் கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் நன்றி.

அக்கா, ஒரு சந்தேகம். தம்பிக்கு இப்போது சளியே சரியாக வருவதில்லை. அன்றைக்குக் கல்ச்சருக்குக் கொடுத்ததுகூட எச்சில் மாதிரிதான் இருந்தது. அதில் ஒன்றும் வளராவிட்டால் அதை நம்பலாமா?

---

மெத்திலீன்நீலம் எழுதியது:

ரொம்பச் சரியான கேள்வி. நோய் குறையக் குறைய சளி வற்றிவிடும், நமக்கோ அப்போதுதான் சளி அதிகம் தேவைப்படுகிறது. சளி இல்லாமல் வேலை செய்யும் சோதனைக்காக உலகம் முழுக்க இவ்வளவு பேர் உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனம் 2023ல் சிகிச்சையைக் கண்காணிக்கும் சோதனைகள் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறை வெளியிட்டபோதும் சளி தேவைப்படாத மாதிரிக்கு முன்னுரிமை கொடுத்தது.

எச்சிலில் வளராததை வைத்து முழு நிம்மதி அடைய முடியாது. டாக்டரிடம் சொல்லி இன்னொரு மாதிரி கொடுங்கள். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், வாயை வெறும் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஆழமாக மூச்சு இழுத்து, சில நொடி நிறுத்தி, விட்டு, இப்படி இரண்டு மூன்று முறை செய்துவிட்டு நெஞ்சின் அடியிலிருந்து இருமச் சொல்லுங்கள். திறந்த வெளியிலோ, காற்றோட்டமான இடத்திலோ, மற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல். தெளிவான நுரை வந்தால் அது எச்சில். கெட்டியாக, கொழகொழப்பாக, மஞ்சளோ வெள்ளையோ கலந்து வந்தால் அதுதான் எங்களுக்கு வேண்டியது. மூன்று மில்லியாவது இருந்தால் நல்லது. வரவே இல்லை என்றால் உப்புநீரை ஆவியாக உள்ளிழுக்கவைத்து எடுக்கும் முறை இருக்கிறது, அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். எடுத்த மாதிரியைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெயிலில் வைத்துவிட்டால் உயிருள்ள கிருமியும் செத்துப்போய் முடிவு பொய்யாகிவிடும்.

முடிவு வாங்கும்போது இதைக் கேளுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் எழுதித் தருவார்கள். வளர்ந்திருந்தால் எத்தனையாவது நாளில் இயந்திரம் கண்டுபிடித்தது என்று கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தில் அது பதிவாகியிருக்கும். ஆரம்ப மாதிரி கல்ச்சருக்குப் போயிருந்தால் அது எத்தனை நாளில் வளர்ந்தது என்பதையும் கேளுங்கள். அன்றைக்கு ஒரு வாரத்தை ஒட்டி வளர்ந்தது இப்போது மூன்று வாரம் எடுத்தால் உயிருள்ள கிருமி வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் வளர ஏறக்குறைய அதே எண்ணிக்கை நாட்கள்தான் எடுத்திருந்தால், அந்தத் தாளோடு அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வளர்ந்த குழாயிலிருந்தே எல்லா மருந்துக்கும் எதிர்ப்பு பார்க்கச் சொல்லலாம்.